பழனியப்பன் சுற்றிக் காட்டிய ஊர்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள மாக் மண்டினுக்கு வந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது பழனியப்பனுக்கு. வீடு நான்காவது மாடியில். வெளி வராந்தாவில் நின்றால் தொழிற்சாலைக் கூரைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மேலே, கடலுக்கு அந்தப் பக்கம், ஜார்ஜ்டவுனின் உயரமான கொம்தார் கட்டடம் தெரியும். காலையில் பல் துலக்கும்போது அதைப் பார்ப்பார். பார்ப்பதோடு சரி. ஜார்ஜ்டவுனுக்கு அவர் போன தடவைகளைச் சொல்ல ஒரு கை விரல்களே அதிகம். தைப்பூசத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறார், கோயில் பஸ்ஸில் ஏறி நேரே தண்ணீர்மலைக் கோயில், அதே பஸ்ஸில் வீடு. மனைவி ருக்குமணிக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். சேமநிதி விஷயமாக ஒரு அலுவலகத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான்.

அதனால் கிஷன் போனில் கேட்டபோது அவர் சரி என்று சொல்லியிருக்கக் கூடாது.

கிஷன் ஒரே மகன். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். ஜொகூர் பாருவில் நர்ஸ் வேலை பார்க்கும் காமினி என்ற பெண்ணை நான்கு வருஷமாக விரும்பி, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு, நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற நேரம்.

"அப்பா, காமினியோட அம்மா அப்பா சுங்கை பட்டாணிக்கு ஒரு காதுகுத்துக்கு வர்றாங்க. அப்படியே நம்ம வீட்டையும் பாத்துட்டுப் போறாங்களாம். ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல தங்குவாங்க. திங்கக்கிழமை ஒரு நாள் பினாங்கு சுத்திக் காட்டிடுங்க."

"நானா?"

"வேற யாருப்பா? எனக்கு லீவு கெடைக்காது லா. நீங்க காட்டுவீங்கன்னு சொல்லிட்டேன்."

மகன் அவரிடம் எதையும் கேட்கிறவன் இல்லை. படிப்புக்கு, வேலைக்கு, சிங்கப்பூர் போனதற்குக்கூட அம்மாவிடம்தான் சொல்வான். அம்மா அவரிடம் சொல்வாள். அவனே கூப்பிட்டு அவரிடமே கேட்டது இது. பழனியப்பன் சரி என்றார்.

"உங்களுக்கு அங்க என்னங்க தெரியும்?" என்றாள் ருக்குமணி. "தெரியாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. வேன் வெச்சுக்கிட்டுப் போகட்டும்."

"நாப்பது வருஷமா இங்க இருக்கேன், எதிர்க்க இருக்கற ஊரு தெரியாதுன்னா சிரிக்க மாட்டாங்க?"

அவர் கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயதில் மாக் மண்டினில் ஒரு நெசவாலையில் சேர்ந்தார். மூன்று ஷிப்டு, இருபத்தைந்து வருஷம். தறிச் சத்தத்தில் இடது காது பாதி போயிற்று. பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். அதன் பின் தகர டின் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வாசலில் காவல் வேலை. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஹாரிஸ் தீவில், ஜெலுத்தோங்கில் பிறந்து வளர்ந்தவன். வேறு வழியில்லாமல் அவனிடம் போய்ச் சொன்னார்.

"கெரேத்தாவே வேணாம் அண்ணே. காரு நிறுத்த எடம் கெடைக்காது. பெரிப் படகை விட்டு எறங்குனா எல்லாம் பக்கம் பக்கம்தான். நடந்தே முடிச்சுடலாம் லா" என்றான் ஹாரிஸ். பழைய ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் கோடு கோடாகப் படம் போட்டுக் கொடுத்தான். படகுத்துறை வீடுகள், கோட்டை, மணிக்கூண்டு, சுவர் ஓவியம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், மாரியம்மன் கோயில். பழனியப்பன் அதைக் காவல் கூண்டில் உட்கார்ந்து மூன்று நாள் மனப்பாடம் செய்தார்.

ஞாயிறு சாயங்காலம் காமினியின் அப்பா அம்மா வந்தார்கள். ரெங்கநாதன் தெற்கே குளுவாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமைக் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, பையில் பேனா, அளந்து பேச்சு. அவர் மனைவி அஞ்சலை நேர் எதிர். வந்த ஐந்தாவது நிமிஷம் ருக்குமணியோடு சமையலறையில் நின்று இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு என்றும், திங்கட்கிழமை விரதம், கோயிலைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்றும் அன்றிரவே சொல்லிவிட்டாள்.

"அதுக்கென்ன தங்கச்சி, பதினொரு மணிக்கெல்லாம் கோயில்ல இருக்கலாம்" என்றார் பழனியப்பன்.

காலையில் ருக்குமணி சமையலுக்காக வீட்டில் நின்றுவிட்டாள். மூவரும் துறைமுகம் போய் பெரி ஏறினார்கள். கெரேத்தாக்களை ஏற்றிக்கொண்டு நான்கு பக்கமும் காற்று வர ஊர்ந்துபோகும் பழைய பெரியைத்தான் பழனியப்பன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வந்து நின்றதோ ஜன்னல் மூடிய, ஏர்கோன் போட்ட புதுப் படகு. கண்ணாடியில் உப்புக்கறை. கடல் கலங்கலாகத் தெரிந்தது.

அஞ்சலை ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. "பழைய பெரியிலதானே மாப்பிள்ளை சின்னதுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடுவாராம்? நீங்க சட்டையைப் புடிச்சு இழுத்து ஒக்கார வைப்பீங்களாம். காமினி சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

பழனியப்பனுக்குப் புரியவில்லை. கிஷனை அவர் பெரியில் கூட்டிப் போனதே கிடையாது. அந்தப் பெண் வேறு யாருடைய கதையையோ மாற்றிச் சொல்லியிருக்கும் என்று நினைத்தார். திருத்தினால் நன்றாக இருக்காது.

"ஆமா ஆமா. ஒரு எடத்துல நிக்க மாட்டான்" என்றார்.

அந்த வார்த்தையை அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

படகுத்துறை வீடுகளுக்குப் போனபோது கடல் வற்றியிருந்தது. மரத்தூண்களுக்கு அடியில் கறுப்புச் சேறும் பிளாஸ்டிக் பைகளும். சீனர்களின் வீடுகள் பலகைப் பாலத்தின் இரண்டு பக்கமும் இருந்தன. பாதி வீடுகள் காந்தப் பொம்மையும் சட்டையும் விற்கும் கடைகள். மீதி வீடுகளின் கதவில் படம் எடுக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தது. அஞ்சலை ஒரு வீட்டுக்குள் இருந்த சாமி மாடத்தைப் பார்க்கத் தலையை நீட்டினாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். அஞ்சலையின் முகம் சுருங்கிவிட்டது.

கோட்டைக்குப் போனால் அதன் ஒரு பக்கம் முழுக்கத் தகரம் அடித்து வேலை நடந்துகொண்டிருந்தது. திறந்திருந்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ரெங்கநாதன் கேட்டார். பழனியப்பன் "பீரங்கி இருக்கு" என்றார். ஹாரிஸ் அவ்வளவுதான் சொல்லியிருந்தான். "யாரு கட்டுனது? எந்த வருஷம்?" என்று அவர் அடுத்துக் கேட்டார். பழனியப்பன் வெள்ளைக்காரன் என்றார். வருஷம் சொல்லவில்லை. ரெங்கநாதன் தலையை மட்டும் ஆட்டினார்.

அங்கிருந்துதான் வழி தப்பியது. ஹாரிஸின் படத்தில் கடல் கீழ்ப்பக்கம் இருந்தது. பழனியப்பன் கடலை முதுகுக்குப் பின்னால் வைப்பதா, இடது கையில் வைப்பதா என்று குழம்பினார். வெயில் ஏறிவிட்டது. பெரிய பெரிய வங்கிக் கட்டடங்கள் வரிசையாக நின்ற தெருவில் நடந்தார்கள். ஒரு முனையில் திரும்பினார்கள். இன்னொரு முனையில் திரும்பினார்கள்.

"சம்பந்தி, இந்த பேங்கை முன்னாடியே பாத்தோம்ல?" என்றார் ரெங்கநாதன்.

"அது வேற பேங்கு."

"அதே காவல்காரர்தான் நிக்கிறாரு."

பழனியப்பன் ரசீதை எடுத்துப் பார்த்தார். வியர்வையில் நனைந்து மை பரவியிருந்தது. ரெங்கநாதன் போனை எடுத்து, "நான் வேணா மேப்புல பாக்கட்டுமா? இல்ல கிராப் டாக்சி கூப்பிட்டுக்கலாமே, இவளுக்குக் கால் வலிக்குது" என்றார்.

"வேணாம் வேணாம். நடந்து பாக்கற ஊரு லா இது. இந்தா, இந்தப் பக்கம்தான்."

ஒருவழியாகச் சுவர் ஓவியம் இருந்த தெருவைக் கண்டுபிடித்தார்கள். சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகள். ஹாரிஸ் சொன்னதை வைத்துப் பழனியப்பன் ஒரு சுவர் முழுக்க இருக்கும் என்று நினைத்திருந்தார். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். சாயம் மங்கிக் கிடந்தது. முன்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களும் நின்றார்கள். அவர்கள் முறை வந்தபோது பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். எடுத்த படத்தில் ரெங்கநாதன் கண்ணை மூடியிருந்தார்.

"இதுக்குத்தானா இவ்வளவு பேரு வர்றாங்க?" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

அஞ்சலை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது போகட்டும் அண்ணே. அந்த ஐஸ் கச்சாங் கடை எங்க இருக்கு? அதுக்குக் கூட்டிப் போங்க."

"எந்தக் கடை?"

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க! ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையை இங்க நடத்திக் கூட்டியாந்து, கால் வலிக்குதுன்னு அழுதா தோள்ல தூக்கிக்கிட்டு, கடைசியில அந்தக் கடையில ஒக்கார வெச்சு ஐஸைத் துருவிப் பாகு ஊத்தின ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுப்பீங்களாமே. உங்களுக்கு ஒண்ணு வாங்க மாட்டீங்களாம். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பீங்களாம். மாப்பிள்ளை காமினிகிட்ட சொல்லி, காமினி எங்ககிட்ட சொல்லுச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்க வீட்டுக்காரரும் அதக் கேட்டுத்தான் சரின்னாரு. அப்பன் இப்படின்னா பிள்ளை நல்லாத்தான் வளந்திருப்பான்னாரு."

ரெங்கநாதன் முதல் முறையாக லேசாகச் சிரித்தார். "ஆமா, சொன்னேன்."

பழனியப்பன் தெருவில் நின்றார். யாருடைய கதையும் மாறவில்லை என்று அவருக்குப் புரிந்தது. கிஷன் சொல்லியிருக்கிறான். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஞாயிறு, பெரி, தோள், கடை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவனே உண்டாக்கியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலையில் இரட்டைச் சம்பளம். பழனியப்பன் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. மற்ற நாட்களில் இரவு ஷிப்டு முடிந்து வந்து படுத்தால் ருக்குமணி பையனை வெளியே அனுப்பிவிடுவாள், அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே என்று.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அஞ்சலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் எங்கேயோ. வாங்க பாப்போம்" என்றார்.

ஒரு மணி நேரம் அவர் அந்தத் தெருக்களில் இல்லாத ஒரு கடையைத் தேடினார். உண்மையாகவே தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு ஐஸ் கச்சாங் கடை கண்ணில் பட்டால் போதும், இதுதான் என்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முனையிலும் எட்டிப் பார்த்தார். காப்பி ஒரு கோப்பை பதினைந்து வெள்ளி என்று எழுதிய கடைகள் இருந்தன. பூனைப் படம் போட்ட பைக் கடைகள் இருந்தன. பழைய கடைவீடுகள் எல்லாம் தங்கும் விடுதிகளாகியிருந்தன. அஞ்சலை ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். பள்ளிவாசலைத் தாண்டும்போது மத்தியான லுஹர் தொழுகைக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பழனியப்பனுக்குக் கோயில் ஞாபகம் வந்தது.

ஓடாத குறையாகக் குயின் ஸ்திரீட்டுக்குப் போனார்கள். மாரியம்மன் கோயில் நடை சாத்தியிருந்தது. இனி சாயங்காலம்தான் திறப்பார்கள் என்று எதிரில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் சொன்னாள்.

அஞ்சலை மூடிய கதவுக்கு முன்னால் கைகூப்பிக் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பரவாயில்லண்ணே. வாசலைப் பாத்தாச்சு, போதும். அந்தக் கடையை மட்டும் காட்டிடுங்க. படம் எடுத்துக் காமினிக்கு அனுப்புறேன்னு சொல்லியிருக்கேன். பாவம், கேட்டுக்கிட்டே இருக்கு."

இரண்டு தெரு தள்ளி, கதவு சாத்திய ஒரு மாடிக்கட்டடத்தின் முன்னால் பழனியப்பன் நின்றார். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கால் ஓய்ந்துவிட்டது, அவ்வளவுதான். வாசலில் புது விடுதிப் பலகை மாட்டியிருந்தது.

"இதுதான். இப்ப ஹோட்டலாக்கிட்டான் போல. உள்ள, அந்தப் பக்கமா மேசை போட்டிருப்பான். ஒரு சீனக் கெழவன். செத்துருப்பான் இந்நேரம்."

அஞ்சலை கட்டடத்தைப் படம் எடுத்தாள். பழனியப்பனை அதற்கு முன்னால் நிறுத்தியும் ஒரு படம் எடுத்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பக்கத்துக் கடையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் பெரியவர் மசாலாப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைப்பலகையில் சிக்கந்தர் அண்ட் சன்ஸ் என்று தமிழிலும் எழுதியிருந்தது. ரெங்கநாதன் கிராணி வேலை பார்த்தவர். எதையும் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்கிற பழக்கம். சந்தேகத்தில் கேட்டார் என்று சொல்ல முடியாது.

"பாய், இந்த எடத்துல இருந்த ஐஸ் கச்சாங் கடைக்காரரு எங்க போனாரு, தெரியுமா?"

"ஐஸ் கச்சாங்கா?" சிக்கந்தர் நிமிர்ந்தார். "இங்க ஏது? இது சாக்குக் கடை லா. அரிசிச் சாக்கு, சீனிச் சாக்கு. எங்க வாப்பா காலத்துலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். போன பத்து வருஷத்துலதான் ஹோட்டல் ஆச்சு. நீங்க வேற தெருவை நெனச்சுக்கிட்டு வந்திருப்பீங்க."

"முப்பது வருஷத்துக்கு முந்திகூட?"

"அம்பது வருஷத்துக்கு முந்தியும் சாக்குதான்."

ரெங்கநாதன் திரும்பிப் பழனியப்பனைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. தூறல் இல்லை, எடுத்த எடுப்பில் கொட்டியது. மூவரும் சிக்கந்தரின் கடை முன் நடைபாதைக்குள் ஏறிக்கொண்டார்கள். சிக்கந்தர் அஞ்சலைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"பெரியிலேர்ந்து நடந்து" என்றாள் அஞ்சலை.

"நடந்தா? இந்த வெயில்ல? அக்காவுக்குக் கால் வேற வீங்கியிருக்கு. ஊரைச் சுத்தி இலவச பஸ் ஓடுதே, யாரும் சொல்லலையா?"

சிக்கந்தர் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

மழைத் தண்ணீர் தகரக் குழாய் வழியாக விழுந்து தெருவில் ஓடியது. பழனியப்பன் பேச ஆரம்பித்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் உரக்கப் பேசுகிறவர். அன்று மெதுவாகப் பேசினார்.

"சம்பந்தி, எனக்கு இந்த ஊரு தெரியாது. இன்னிக்குத்தான் நானும் பாக்குறேன். என்கூட வேலை செய்யற பையன் ஒருத்தன் படம் வரைஞ்சு குடுத்தான்."

ரெங்கநாதன் அவர் பக்கம் திரும்பினார்.

"கிஷனை நான் கூட்டியாந்ததே இல்ல. ஒரு தடவை கூட இல்ல. அவனுக்கு ஏழு வயசுல ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிப் போறேன்னேன். சட்டை மாட்டிக் கால்ல சப்பாத்து போட்டு வாசல்ல நின்னான். ஆலையிலேர்ந்து ஆளு வந்துச்சு, ஒருத்தன் வரல, நீ வான்னு. போய்ட்டேன். நான் திரும்பி வந்தப்ப சப்பாத்தோட தூங்கிக்கிட்டிருந்தான். அடுத்த வாரம் போவோம்னு சொன்னேன். அடுத்த வாரமும் வேலைக்குத்தான் போனேன்."

"அப்போ கடை?"

"எனக்குத் தெரியாது. அவன் சொன்னதை உங்க வாயாலதான் நான் கேக்குறேன்."

அஞ்சலை நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். "பிள்ளை ஆசைப்பட்டிருக்கு. அதான் அப்படிச் சொல்லியிருக்கு" என்றாள்.

"ஆசைப்பட்டேன்னு சொல்லியிருக்கலாமே. நடந்துச்சுன்னு எதுக்குச் சொல்லணும்?" என்றார் ரெங்கநாதன். குரல் உயரவில்லை. "எங்க பொண்ணுக்கு முந்தி ஒரு வரன் வந்துச்சு. இஞ்சினியர்னான். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கையில விசாரிச்சா வேலையே இல்ல. பத்திரிகை அடிச்சாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு. காமினி ஒரு வருஷம் வெளிய வரல. மாப்பிள்ளையோட சம்பளச் சீட்டை நான் பாத்துட்டேன். அது சரியா இருந்துச்சு. இதைப் போய் யாரு விசாரிப்பா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்களும் காலையிலேர்ந்து ஆமா ஆமான்னுதானே சொன்னீங்க" என்றார்.

பழனியப்பன் நனைந்த ரசீதைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மழை விட்டதும் ரெங்கநாதனே போனில் கிராப் கூப்பிட்டார். கோயில் திறக்க இன்னும் நேரம் இருந்தது. அஞ்சலை இருந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். கணவர் வண்டி வரும் பக்கமே பார்த்ததும் விட்டுவிட்டாள். திரும்பும் பெரியில் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். தரை முழுக்க ஈரக் காலடி. ஏர்கோன் குளிரில் அஞ்சலை நனைந்த சேலையைப் போர்த்திக்கொண்டாள்.

வீட்டில் ருக்குமணி ஐந்து வகைக் கறியும் பாயசமும் வைத்திருந்தாள். அஞ்சலை சாமி படத்துக்கு முன்னால் விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு விரதத்தை முடித்தாள். நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். ரெங்கநாதன் சாப்பிட்டுக் கை கழுவி, மறுநாள் பத்து மணி பஸ்ஸை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். விடிந்தும் விடியாமல் கிளம்பிப் போனார்கள். போகும்போது நிச்சயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

என்ன நடந்தது என்று ருக்குமணி கேட்டாள். பழனியப்பன் சொன்னார். அவள் அவரைத் திட்டவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த பானையை வைத்துவிட்டு, "அந்தச் சப்பாத்து அவனுக்குக் கடிக்கும். ஒரு நம்பர் சின்னது" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் கிஷன் கூப்பிட்டான்.

"ஏம்ப்பா சொன்னீங்க?"

"கேட்டாங்கப்பா. பக்கத்துக் கடைக்காரரு..."

"தெரு மாறிப்போச்சு, மறந்துபோச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல? காமினி ராத்திரியெல்லாம் அழுதிருக்கு. இன்னும் வேற என்னென்ன பொய் சொன்னேன்னு கேக்குது."

"நீ எதுக்குடா சொன்னே?"

கிஷனுக்குப் பின்னால் இயந்திரங்களின் சத்தம் கேட்டது. வேலை இடத்திலிருந்துதான் பேசினான்.

"பழகின புதுசுல ஒரு நாள், உங்க அப்பா எப்படின்னு கேட்டுச்சு. அவங்க அப்பா தெனம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவாரு, கணக்கு சொல்லிக் குடுப்பாருன்னு ஒரு மணி நேரமா பேசுச்சு. நான் என்ன சொல்றது? வேலைக்குப் போவாரு, வந்து தூங்குவாரு. அதை எவ்வளவு நேரம் சொல்ல முடியும்? அதான் ஒண்ணு சொன்னேன். அது சந்தோஷப்பட்டுச்சு. அப்புறம் கேக்கறப்ப எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சேத்துச் சொன்னேன். நாலு வருஷமா சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆயிருச்சுப்பா. கண்ணை மூடினா அந்தக் கடை தெரியும். இனிமே அதுவும் இல்ல."

"நான் உங்களுக்காகத்தானே வேலைக்குப் போனேன்."

"தெரியும்ப்பா. அது எனக்குத் தெரியாதா?" என்றான் கிஷன். "வெக்கிறேன். சூப்பர்வைசர் வர்றான்."

கல்யாணம் நின்றுவிடும் என்றே பழனியப்பன் நினைத்தார். அப்படி ஆகவில்லை. இரண்டு மாதம் யாரும் யாரோடும் பேசாமல் போயிற்று. பிறகு கிஷன் லீவு போட்டுக் குளுவாங்குக்குப் போய் ரெங்கநாதனிடம் என்ன பேசினானோ தெரியாது. காமினியும் விடாமல் இருந்திருக்கிறாள். தை கழிந்து மாசியில், குளுவாங்கில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டினான். ரெங்கநாதன் வாசலில் நின்று பழனியப்பனை மாலை போட்டு வரவேற்றார். எல்லாம் முறையாகச் செய்தார். பேச்சு மட்டும் வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க என்பதற்கு மேல் போகவில்லை. ஜார்ஜ்டவுனில் எடுத்த படங்களைப் பற்றி அஞ்சலை வாயே திறக்கவில்லை.

கிஷன் எப்போதும் போல அம்மாவிடம் போனில் பேசுகிறான். ஒரு தடவை பழனியப்பன் போனை வாங்கி, "லீவுல வந்தா சொல்லுப்பா, பெரி ஏறி ஒரு நாள் போய்ட்டு வருவோம்" என்றார். "இப்ப எதுக்குப்பா அதெல்லாம்" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை.

தீபாவளிக்கு மகனும் மருமகளும் மூன்று நாள் வந்திருந்தார்கள். கிஷன் பழைய நண்பர்களைப் பார்க்கப் போய்விட்டான். காமினி நல்ல பெண். மாமனாரின் செவிட்டுக் காது எது என்று தெரிந்துகொண்டு வலது பக்கமாக வந்து உட்கார்ந்து பேசுகிறவள். முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கவா? நிஜமாவே அவரு சின்ன வயசுல எப்படி இருப்பாரு? ரொம்ப சேட்டையா?"

குத்திக்காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பழனியப்பன் யோசித்தார். அந்த வருஷங்களில் எந்தெந்த மாதம் எந்த ஷிப்டு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எந்தத் தறி அடிக்கடி நிற்கும், எந்த மேஸ்திரி எப்போது மாறிப் போனான் என்பதெல்லாம் வரிசையாக நினைவில் இருந்தது. மகன் எதற்குச் சிரிப்பான், எதற்குப் பயப்படுவான், யாரோடு விளையாடுவான் என்று தேடினார். பகல் தூக்கத்தில் போர்வைக்குள்ளிருந்து கேட்ட கதவுச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

"அத்தைகிட்ட கேளும்மா" என்றார்.

சமையலறையிலிருந்து ருக்குமணி பேச ஆரம்பித்தாள். கிஷனுக்கு இடி என்றால் பயம், மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்வான் என்றாள். மாடிப்படியில் ஒரு பூனைக்குட்டிக்குப் பால் வைத்து வளர்த்தான். கீழ்வீட்டுச் சீனப் பையனிடம் எண்கள் கற்றுக்கொண்டு வந்து வீடெல்லாம் சீனத்தில் எண்ணிக்கொண்டு திரிந்தான். காமினி சிரித்துக்கொண்டே, அப்புறம் அப்புறம் என்று கேட்டாள். பழனியப்பன் நல்ல காதைச் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். காமினியோடு சேர்ந்து அவரும் அதையெல்லாம் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார்.